குழாய்க்குள் கேமரா விடுபவர் எந்தச் சான்றிதழைப் பெறுவது? ஓர் ஒப்பீடு

கழிவுநீர்க் குழாய்களுக்குள் கேமராவை அனுப்பி, உள்ளே தெரியும் பழுதுகளைப் பதிவு செய்து அறிக்கை தரும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களும், தம்மிடம் வேலை செய்பவர்களைப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் நிறுவனத்தாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுவது? பழுதுகளைச் சுருக்கக் குறியீடுகளில் பதியத் தெரியுமா என்று பார்க்கும் குறியீட்டுத் தேர்வு, தொழிற்கல்வித் தகுதி, கருவி உற்பத்தியாளர் நடத்தும் வகுப்பு, மூத்தவர் ஒருவரின் கீழ் வேலையிலேயே கற்பது என்று வழிகள் பல இருக்கின்றன. அநேகமாக எல்லாமே "அங்கீகாரம் பெற்றது" என்ற அடைமொழியோடுதான் விற்கப்படுகின்றன. எது எளிது, எது விரைவில் முடியும், எதற்குப் பெயர் அதிகம் என்று பார்த்து முடிவெடுப்பவர்கள் பலர். என் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: நீங்கள் எழுதப்போகும் அறிக்கையை வாங்கிப் படிக்கப்போகிறவர் யார், அவர் எந்தக் குறியீட்டு முறையில் அதை எதிர்பார்க்கிறார் என்பதே அது. அதற்கான விடை தெரிந்துவிட்டால் மற்றத் தேர்வுகள் பெரும்பாலும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

இந்த வேலைக்குள் தனித்தனியான மூன்று திறமைகள் அடங்கியிருக்கின்றன. கேமராவையும் அதைச் சுமக்கும் ஊர்தியையும் சேதமில்லாமல் ஓட்டி, பயன்படக்கூடிய படத்தை எடுப்பது ஒன்று. திரையில் தெரிவது என்ன என்று சரியாக அடையாளம் கண்டு, உரிய குறியீட்டில் பதிவது இரண்டாவது. மேன்ஹோலைச் சுற்றியுள்ள நச்சு வாயு, போக்குவரத்து, உயரழுத்த நீர் ஆகியவற்றிலிருந்து தம்மையும் உடன் இருப்பவரையும் காத்துக்கொள்வது மூன்றாவது. உலகெங்கும் பெயர் பெற்ற சான்றிதழ்களில் பெரும்பாலானவை இரண்டாவது திறமையை மட்டுமே சோதிக்கின்றன. சாலை விதிகளுக்கான எழுத்துத் தேர்வில் தேறியவர் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தத் துறையில் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் குறியீட்டுச் சான்றிதழைக் கண்டதும் மூன்று திறமையும் கைவசம் இருப்பதாக எடுத்துக்கொள்வது இன்னும் நின்றபாடில்லை.

குறியீட்டுப் பயிற்சி ஏன் தேவை

பயிற்சிகளை ஒப்பிடுவதற்கு முன், குறியீடு என்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதை அருகில் சென்று பார்ப்பது நல்லது. குழாய்ச் சுவரில் நீளவாட்டில் ஒரு கோடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கோடு மட்டும் தெரிந்து, வாய் திறக்காமல் இருந்தால் அது விரிசல். வாய் திறந்திருந்தும் துண்டுகள் தம் இடத்திலேயே இருந்தால் அது வெடிப்பு. துண்டுகள் இடம் பெயர்ந்திருந்தால் உடைவு. துண்டே காணாமல் போயிருந்தால் ஓட்டை. குழாயின் வடிவமே குலைந்து விழுந்திருந்தால் இடிவு. பிரிட்டிஷ் மதிப்பீட்டு முறையில் நீளவாட்டு விரிசலுக்கு 10 புள்ளி, நீளவாட்டு வெடிப்புக்கு 40, உடைவுக்கு 80, இடிவுக்கு 165. ஒரு குழாய்ப் பகுதியில் காணப்படும் மிக உயர்ந்த புள்ளியை வைத்து அந்தப் பகுதிக்கு 1 முதல் 5 வரை தரம் கொடுக்கிறார்கள்: 10க்குக் கீழே முதல் தரம், 10 முதல் 39 வரை இரண்டாம் தரம், 40 முதல் 79 வரை மூன்றாம் தரம், 80 முதல் 164 வரை நான்காம் தரம், அதற்கு மேல் ஐந்தாம் தரம். அதாவது ஒரு மயிரிழைக் கோட்டின் வாய் திறந்திருக்கிறதா இல்லையா என்று திரையைப் பார்த்து ஒருவர் சொல்லும் ஒரு சொல், அந்தக் குழாயை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வரிசையிலிருந்து பழுதுபார்ப்புத் திட்டத்துக்குள் தள்ளிவிடக்கூடும்.

தொலைவிலிருந்து சாய்வான வெளிச்சத்தில் பார்க்கும்போது நிழல் விழுந்து, மூடிய விரிசலும் திறந்த வெடிப்பு போலத் தெரியும். கொழுப்புப் படிவின் விளிம்பு கூடச் சில சமயம் விரிசல் போல ஏமாற்றும். கேமராவை நிறுத்தி, தலையைத் திருப்பி, ஒளியைக் கூட்டியோ குறைத்தோ பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆகவே குறியீடு எழுதும் கண்ணும் கேமரா ஓட்டும் கையும் ஒன்றையொன்று நம்பி இருப்பவை; ஒன்றை மட்டும் பயிற்றுவிக்கும் எந்த வகுப்பும் முழுமையானது ஆகாது.

இன்னொரு எடுத்துக்காட்டு கடிகார நிலை. பழுது குழாயின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கடிகார முகத்தில் உள்ள எண்ணைக் கொண்டு குறிப்பார்கள். மேல்முகடு 12, அடித்தளம் 6. கேமரா செல்லும் திசையை நோக்கி இது எழுதப்படுவதால், நீரோட்டத்தோடு சென்று பார்க்கும்போது 3 மணி நிலையில் இருக்கும் கிளைக் குழாய், எதிர்த் திசையில் சென்று பார்க்கும்போது 9 மணி நிலைக்கு மாறிவிடும். ஆய்வின் திசையைத் தலைப்புப் படிவத்தில் தவறாக நிரப்பினால், பழுதுபார்க்க வருபவர் தெருவின் மறுபக்கத்தைத் தோண்டுவார். இப்படிப்பட்ட பிழைகள் கேமராவின் விலையைப் பார்த்து வருவதில்லை. மூட்டு விலகலை எடுத்துக்கொண்டால், அதன் அளவு மில்லிமீட்டரில் அன்றிக் குழாய்ச் சுவரின் தடிமனோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது: தடிமனின் ஒரு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிது. சுவரின் தடிமன் திரையில் எளிதில் தெரியாது. மூட்டில் வெளித்தெரியும் விளிம்பைக் கொண்டு கணிக்கக் கண் பழக வேண்டும்.

துறைச் சங்கங்களும் ஆய்வு மையங்களும் தரும் குறியீட்டுச் சான்றிதழ்

முதல் வழி, துறை சார்ந்த அமைப்புகள் நடத்தும் குறுகிய கால வகுப்பும் தேர்வும். இவ்வகைக்கு மூல ஊற்று பிரிட்டனின் டபிள்யூ.ஆர்.சி. என்ற நீர் ஆய்வு மையம் 1980இல் வெளியிட்ட கழிவுநீர்க் குழாய் நிலை வகைப்பாட்டுக் கையேடு, எம்.எஸ்.சி.சி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கப்பட்ட நாஸ்கோ என்ற அமைப்பு, அந்த மையத்தின் ஒத்துழைப்போடு பி.ஏ.சி.பி. என்ற தன் குறியீட்டு முறையை 2000களின் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதன்மைக் குழாய்களுக்கு பி.ஏ.சி.பி., வீட்டு இணைப்புக் குழாய்களுக்கு எல்.ஏ.சி.பி., மேன்ஹோல்களுக்கு எம்.ஏ.சி.பி. என்று மூன்று பிரிவுகள் அதில் உண்டு. முதன்மைப் பிரிவுக்கு இரண்டு நாள் வகுப்பும் தேர்வும். மற்ற இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்குக் கூடுதல் நாள் ஆகும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பின் புதுப்பிக்க வேண்டும்.

இந்த வழியின் பெரும் பலம், சான்றிதழ் அறிக்கையோடு நேரடியாகப் பிணைந்திருப்பது. பி.ஏ.சி.பி. ஆய்வுப் படிவத்தின் தலைப்புப் பகுதியிலேயே ஆய்வு செய்தவரின் பெயரை அடுத்து அவருடைய சான்றிதழ் எண்ணை எழுதுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. குழாய்களுக்கு உரிமையாளரான அமைப்பு, ஒப்பந்தத்தில் இந்தக் குறியீட்டைக் கேட்டிருந்தால், அந்த இடத்தை வெறுமையாக விட்டு அறிக்கை கொடுக்க முடியாது. பதிவு செய்யும் மென்பொருளையும் நாஸ்கோ தனியாகச் சரிபார்த்து ஏற்பளிக்கிறது. எனவே பொது அமைப்புகள் தரும் ஒப்பந்தங்களில் நுழைய நினைப்பவருக்கு இந்தச் சான்றிதழ் ஏறத்தாழ ஒரு நுழைவுச் சீட்டு.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு நாளில் ஒருவருக்குக் குறியீட்டுப் பட்டியலையும் அதன் இலக்கணத்தையும் கற்பிக்கலாம். கண்ணைப் பழக்க முடியாது. ஐரோப்பிய ஆய்வாளர்கள், ஒரே குழாய்களை வெவ்வேறு ஆய்வாளர்கள் பார்த்துத் தந்த பதிவுகளை ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, உண்மையில் இருக்கும் பழுதுகளில் ஏறத்தாழ கால் பங்கு கண்ணில் படாமல் போகிறது என்றும், இல்லாத பழுதை இருப்பதாக எழுதுவது சில விழுக்காட்டுக்கு மேல் போவதில்லை என்றும் கண்டது. பயிற்சியில்லாத ஆள்தான் தவறு செய்கிறார் என்று இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முறைப்படி தொழில் செய்பவர்களின் பதிவுகளிலும் இந்த நிலைதான். தேர்வில் தேறியவர் குறியீட்டை அறிவார் என்பதற்கு மேல் எதையும் சான்றிதழ் உறுதி செய்வதில்லை என்று புரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

குறியீடுகளுக்கிடையே தேர்வு

இங்கேதான் அறிக்கையைப் படிப்பவர் யார் என்ற கேள்வி முழு எடை பெறுகிறது. ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஈ.என். 13508-2 என்ற தரம் 2003இல் வெளியாகி 2011இல் திருத்தப்பட்டது. அதில் முதன்மைக் குறியீடு மூன்றெழுத்தில் இருக்கும். பி என்ற எழுத்தில் தொடங்கும். பி.ஏ.பி. என்றால் பிளவு, பி.பி.ஏ. என்றால் வேர், பி.சி.ஏ. என்றால் இணைப்பு. பழுதின் வகையையும் அளவையும் அதன் பின் தனித்தனி இடங்களில் நிரப்ப வேண்டும். பிரிட்டிஷ், அமெரிக்க முறைகளில் சி.எல். என்றால் நீளவாட்டு விரிசல், எஃப்.எல். என்றால் நீளவாட்டு வெடிப்பு. ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளே குறியீடாக இருப்பதால் மனத்தில் நிற்பது எளிது. ஜெர்மனியில் டி.டபிள்யூ.ஏ. என்ற நீர் மேலாண்மைச் சங்கம் ஐரோப்பியத் தரத்தைத் தழுவித் தன் வழிகாட்டிகளை வெளியிடுகிறது. ஆஸ்திரேலியாவில் டபிள்யூ.எஸ்.ஏ. 05 என்ற குறியீட்டு நூல் நடைமுறையில் உள்ளது. அதன் அண்மைப் பதிப்புகளில் ஒன்று 2020இல் வந்தது. நியூசிலாந்துக்கு 2019இல் நான்காம் பதிப்பு கண்ட தனிக் கையேடு உண்டு.

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் இவற்றை ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக வைத்துக்கொள்ள முடியாது. பிரிட்டிஷ் முறையில் ஒரு பகுதியின் கட்டமைப்புத் தரத்தை மிக மோசமான ஒரு பழுது தீர்மானிக்கிறது. அமெரிக்க முறையில் ஒவ்வொரு பழுதுக்கும் நேரடியாக 1 முதல் 5 வரை தரம் உண்டு. அவற்றைத் தொகுத்து நான்கு இலக்க விரைவு மதிப்பு ஒன்றை எழுதுகிறார்கள். 5143 என்று இருந்தால், ஐந்தாம் தரப் பழுது ஒன்றும் நான்காம் தரப் பழுது மூன்றும் இருக்கின்றன என்று பொருள். ஒரே வேர்க் குறியீட்டுக்குக் கூட அமெரிக்க முறையில் அது மூட்டில் இருக்கிறதா, குழாய் உடலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத் தரம் மாறும். மூட்டில் நுழைந்த மெல்லிய வேருக்கு 1, குழாய் உடலைத் துளைத்து நுழைந்த மெல்லிய வேருக்கு 2. குழாய் உடலில் வேர் நுழைய வேண்டுமானால் அங்கே முன்னதாகவே ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. ஒரு முறையில் தேர்ந்தவர் மற்றொன்றுக்கு மாறும்போது எழுத்துகளை மாற்றினால் போதும் என்று நினைப்பது ஆபத்தானது. மாற வேண்டியது நியாயங்களே.

ஆகவே வேறு நாட்டில் வேலை தேடும் எண்ணம் இருப்பவர், தாம் இப்போது இருக்கும் இடத்தில் எளிதில் கிடைக்கும் சான்றிதழை வாங்கிக் கொள்வதை விட, போகவிருக்கும் நாட்டின் ஒப்பந்தங்கள் எந்தக் குறியீட்டைக் கேட்கின்றன என்று பார்த்து, அந்தப் பயிற்சிக்குக் காத்திருப்பதே மேல். எங்கே போவது என்று முடிவாகவில்லை என்றால், குறியீட்டு நூலை வாங்கிப் படித்து வைத்துக்கொண்டு, தேர்வைத் தள்ளிப்போடலாம். மூன்று ஆண்டுக் கடிகாரம் வேலை இல்லாத காலத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

தொழிற்கல்வித் தகுதி

இரண்டாவது வழி, அரசின் தொழிற்கல்வி அமைப்புக்குள் வரும் தகுதிகள். இதன் முழு வடிவத்தை ஜெர்மனியில் பார்க்கலாம். குழாய், கழிவுநீர்க் கால்வாய், தொழிலகச் சேவை ஆகியவற்றுக்கான மூன்று ஆண்டுத் தொழிற்பழகுநர் படிப்பு ஒன்று அங்கே 2002 முதல் இருந்து, 2024இல் புதிய பெயரோடு மாற்றியமைக்கப்பட்டது. பள்ளியும் பணியிடமும் மாறி மாறி வரும் அந்தப் படிப்பில் சுத்தம் செய்தல், ஆய்வு, கசிவுச் சோதனை, பாதுகாப்பு எல்லாமே அடங்கும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு டி.டபிள்யூ.ஏ. நடத்தும் ஆய்வாளர் வகுப்பும் தேர்வும் உண்டு. துறையில் அதை கே.ஐ. சான்று என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில், குழாயை ஆய்வு செய்து நிலையை அறிவிப்பது என்பது தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் ஒரு தனித் திறன் அலகாக இருக்கிறது. பதிவு பெற்ற பயிற்சி நிறுவனங்களே அதை மதிப்பிட்டுச் சான்று தர முடியும்.

மூன்று திறமைகளையும் ஒருங்கே தரும் ஒரே வழி இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காலம் அதிகம். பணியிடம் ஒன்று கைவசம் இருந்தால்தான் சேரவே முடியும். ஒரு நாட்டின் தொழிற்கல்வித் தகுதிக்கு வேறு நாட்டில் உடனடி மதிப்புக் கிடைப்பது அரிது. இளம் வயதில் இத்துறையையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளப் போகிறவருக்கு இது சிறந்த தேர்வு. அடுத்த மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய நிறுவனத்துக்கு இது உதவாது.

கருவி உற்பத்தியாளரின் வகுப்பு

கேமரா வாங்கும்போது உற்பத்தியாளரோ விற்பனையாளரோ நடத்தும் வகுப்பை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அது தவறு. ஊர்தி கேமராவின் உடலுக்குள் நீர் புகாமல் இருக்க அழுத்தமூட்டிய காற்றோ நைட்ரஜனோ நிரப்பப்பட்டிருக்கும்; திரையில் காட்டப்படும் உள்ளழுத்தம் மெல்லக் குறைவதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் மின்சுற்று முழுவதும் நனைந்து போகும். குழாயின் அளவுக்கு ஏற்ற சக்கரத்தைப் பொருத்தி, லென்ஸ் குழாயின் நடு அச்சில் நிற்கும்படி உயரத்தைச் சரிசெய்வது, தொலைவு எண்ணியைத் தொடக்கப் புள்ளியில் சுழியாக்கி, அளந்து வைத்த கேபிளோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, கவிழ்ந்துவிட்ட ஊர்தியைக் கேபிள் அறுபடாமல் பின்னுக்கு இழுப்பது போன்றவற்றைக் குறியீட்டு வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. இவை தெரியாவிட்டால் குறியீடு எழுதுவதற்குப் படமே இருக்காது.

ஓட்டும் வேகமும் அப்படித்தான். பிரிட்டிஷ் நடைமுறை 200 மில்லிமீட்டருக்கும் குறைவான குழாயில் நொடிக்கு 0.1 மீட்டர், 200 முதல் 310 மில்லிமீட்டர் வரை 0.15 மீட்டர், அதற்கு மேல் 0.2 மீட்டர் என்று உச்ச வேகத்தை வரையறுக்கிறது. அமெரிக்க ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணப்படும் நிமிடத்துக்கு 30 அடி என்ற வரம்பும் நொடிக்கு 0.15 மீட்டர் அளவுதான். இந்த எண்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது வேறு, ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் கை அதைக் கடைப்பிடிப்பது வேறு.

எனினும் உற்பத்தியாளர் தருவது பெரும்பாலும் வகுப்பில் கலந்துகொண்டதற்கான சான்றே. அதை வெளியார் யாரும் மதிப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு கருவியைப் பற்றியே அது பேசும். வாங்கிய விலையில் அது அடக்கம் என்றால் மறுக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாகப் பணம் கேட்டால், ஓட்டுபவர் புதியவராக இருந்தால் மட்டும் கொடுக்கலாம். "அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர்" என்று அதை வைத்து விளம்பரம் செய்வது நாணயமற்ற செயல்.

மூத்தவர் கீழ் கற்பது

கண் பழகுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஒரே குழாயைப் பற்றி "இது ஏன் வெடிப்பு, ஏன் விரிசல் இல்லை" என்று உடன் உட்கார்ந்து விளக்கும் ஒருவர் கிடைத்தால், வகுப்பறையில் மாதக் கணக்கில் படித்தாலும் வராத தெளிவு வரும். குறை என்னவென்றால் மூத்தவரின் பழக்கப் பிழைகளும் கூடவே வந்து சேரும். அவற்றைப் பிழை என்று சொல்ல அந்த வட்டத்துக்குள் ஆளே இருக்காது. இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம், பதிவு செய்த வீடியோ ஒன்றை இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்துக் குறியீடு எழுதச் செய்து, வேறுபடும் இடங்களை மட்டும் நிறுத்திப் பார்த்துப் பேசும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். செலவில்லாத இந்த ஒரு காரியம் பல கட்டண வகுப்புகளை விடப் பயன் தரும்.

பாதுகாப்புச் சான்று தனி

கேமரா வந்ததே மனிதர் உள்ளே இறங்காமல் இருப்பதற்காகத்தான். ஆனால் ஊர்தி சிக்கிக்கொண்டாலோ, கயிறு கீழே உள்ள குழாய் வாயில் மாட்டிக்கொண்டாலோ, "ஒரு நிமிடம் இறங்கி எடுத்துவிடலாம்" என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றை விடக் கனமானது. மேன்ஹோலின் அடியில் தங்கும். அதன் அழுகிய முட்டை வாடை எச்சரிக்கை தரும் என்று நம்புவதற்கில்லை; ஏறத்தாழ பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடுகிறது. வாடை நின்றது ஆபத்து நீங்கியதன் அறிகுறி அல்ல.

இதற்கான பயிற்சி, அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான தனிப் பயிற்சி. அமெரிக்காவில் 1993 முதல் அனுமதிச் சீட்டோடு மட்டுமே நுழையக்கூடிய அடைபட்ட இடங்கள் பற்றிய தனி விதி இருக்கிறது. பிரிட்டனில் சிட்டி அண்ட் கில்ட்ஸ் நிறுவனத்தின் 6160 வரிசைத் தகுதிகள் நன்கு அறியப்பட்டவை. வாயு அளவி, காற்றோட்டம், மீட்பு முக்காலி, மேலே நிற்பவரின் கடமை ஆகியவை அதில் வரும். குறியீட்டுச் சான்றிதழ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது. எந்தத் தேர்வைச் செய்தாலும் இதை முதலில் முடித்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மற்றவற்றின் வரிசையில் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

"அங்கீகாரம்" என்பதற்குள் என்ன இருக்கிறது

விளம்பரத்தில் இந்தச் சொல்லைக் கண்டவுடன் கேட்க வேண்டியது, அங்கீகாரம் யாருக்கு என்பதுதான். வகுப்புக்கா, தேர்வில் தேறிய நபருக்கா, அல்லது நிறுவனத்துக்கா? நபர்களுக்குச் சான்று அளிக்கும் அமைப்புகள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 17024 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. ஆய்வு நடத்தும் நிறுவனங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 17020. ஜெர்மனியில் ஆர்.ஏ.எல். ஜி.இசட். 961 என்ற தரமுத்திரை நிறுவனத்துக்கே வழங்கப்படுகிறது. அதில் ஆய்வுக்கான பிரிவு தனியாக இருக்கிறது. நிறுவனம் முத்திரை பெற்றிருந்தால் அங்கே கேமரா ஓட்டும் ஒவ்வொருவரும் சான்று பெற்றவர் என்று பொருளல்ல. அதேபோல் ஒருவர் சான்று பெற்றிருந்தால் அவருடைய நிறுவனம் முத்திரை பெற்றதாகவும் ஆகிவிடாது. வேலை மாறும்போது உங்களோடு வருவது உங்கள் பெயரில் உள்ள சான்று மட்டுமே. ஆகவே சொந்தப் பணத்தில் படிப்பவர் நபருக்கான சான்றையே தேட வேண்டும்.

தேர்வு எப்படி நடக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உண்மையான ஆய்வுப் படத்தை ஓடவிட்டு, பார்ப்பவரையே பழுதைக் கண்டுபிடித்துக் குறியீடு எழுதச் சொல்லும் தேர்வும், நிறுத்திய படத்தைக் காட்டி நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வும் வெவ்வேறு திறமைகளை அளக்கின்றன. கள வேலையில் பழுது எங்கே இருக்கிறது என்று யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. இணையவழி வகுப்பைப் பொறுத்தவரை, குறியீட்டு இலக்கணத்தை அதில் நன்றாகவே கற்கலாம். திரை பெரிதாக, இணைப்பு தடையில்லாமல் இருந்தால் போதும். கேமரா ஓட்டுவதையும் பாதுகாப்பையும் இணையத்தில் கற்றுத் தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

யாருக்கு எது

கையால் தள்ளிச் செலுத்தும் தள்ளு கேமராவை வைத்துக்கொண்டு வீட்டு இணைப்புக் குழாய்களை மட்டும் பார்த்துக் கொடுப்பவரின் அறிக்கையைப் படிப்பவர் வீட்டு உரிமையாளர். குறியீட்டு எழுத்துகள் அவருக்கு விளங்காது. அடைப்பு எங்கே, எவ்வளவு ஆழத்தில், என்ன காரணம் என்பதே அவருக்குத் தேவை. இவர் முதன்மைக் குழாய்ச் சான்றிதழுக்குச் செலவிடுவதை விட, கேமரா தலையில் உள்ள 512 ஹெர்ட்ஸ் அலைபரப்பியைத் தரைமேல் இருந்து தேடிப் பிடிக்கும் கருவியைத் துல்லியமாகப் பயன்படுத்தக் கற்பது பயனுள்ளது. வீடு வாங்குபவருக்காகவோ காப்பீட்டுக்காகவோ அறிக்கை எழுதும் வேலை பெருகினால், வீட்டு இணைப்புக் குழாய்களுக்கான குறியீட்டுப் பிரிவை மட்டும் அப்போது எடுக்கலாம்.

பொது ஒப்பந்தங்களை நோக்கிச் செல்லும் நிறுவனத்துக்கு வேறு வழியில்லை. ஒப்பந்தம் பெயர் சொல்லிக் கேட்கும் குறியீட்டுச் சான்றிதழ்தான் வேண்டும். ஒரே நேரத்தில் எல்லோரையும் அனுப்ப வேண்டியதில்லை. களத்தில் சில மாதம் வேலை பார்த்தவரை அனுப்பினால் வகுப்பில் காட்டும் ஒவ்வொரு படமும் அவருக்குத் தான் கண்ட ஒன்றோடு பொருந்தும். குழாயையே பார்த்திராதவரை அனுப்பினால் எழுத்துகளை மனப்பாடம் செய்து தேறிவிட்டு, அடுத்த மாதம் மறந்துவிடுவார். ஆனால் குறியீடு எழுதுபவர் சான்று பெற்றவராகவே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டால், ஒவ்வொரு வண்டியிலும் சான்று பெற்ற ஒருவரை வைத்து, புதியவரை அவர் அருகில் பழக்க வேண்டியிருக்கும்.

குழாயின் சுற்றுப்புறம் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் படம்பிடிக்கும் ஸ்கேனிங் கேமராக்களைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் கணக்கு வேறு. அங்கே கேமரா நிற்காமல் ஓடிவிடும்; பழுதை நிறுத்தித் திருப்பிப் பார்ப்பது பிறகு அலுவலகத்தில் நடக்கும். களத்தில் ஓட்டுபவருக்கு உற்பத்தியாளர் பயிற்சியும் பாதுகாப்புச் சான்றும் போதும். குறியீட்டுச் சான்றிதழை அலுவலகத்தில் படத்தைப் பார்த்து எழுதும் சிலருக்கு மட்டும் வாங்கினால் செலவு குறையும். படத்தைப் பார்த்துத் தானாகவே பழுதைக் குறிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பரவி வந்தாலும், அவை எழுதியதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல ஒருவர் வேண்டும். அவருக்குக் குறியீடு இன்னும் ஆழமாகவே தெரிந்திருக்க வேண்டும்.

குழாய்களுக்கு உரிமையாளரான அமைப்பில் அறிக்கைகளைப் படித்து முடிவெடுக்கும் பொறியாளர்களை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. கேமராவைத் தொடவே போகாத அவர்களும் அதே இரண்டு நாள் குறியீட்டு வகுப்பில் உட்கார வேண்டும். வரும் அறிக்கைகளில் சிலவற்றை வீடியோவோடு வைத்துத் தாமே மீண்டும் குறியீடு எழுதிப் பார்க்கும் பொறியாளர் இருக்கும் இடத்தில், சான்றிதழ் எண் வெறும் எண்ணாக நின்றுவிடாது. ஆய்வாளரின் சான்று காலாவதியாகிவிட்டதா என்பதை வழங்கிய அமைப்பிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஆய்வு நடந்த தேதியில் அது செல்லத்தக்கதாக இருந்ததா என்பதே இங்கு பார்க்க வேண்டியது, அறிக்கை வந்து சேர்ந்த தேதியில் அல்ல.